பிள்ளை பார்க்க வந்தவர் என்னைப் பார்த்த கதை

திங்கட்கிழமை காலை மூதூரில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது என் மனைவி அங்கே வகுப்பறையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் தாமாகவே பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படுவார் என்று கடிதம் வந்திருந்தது. மகன் பிறந்ததற்குத் தந்த லீவு முடிந்து, அதற்கு மேலே எடுத்த சம்பளமில்லா லீவும் முடிந்து, இனி இழுப்பதற்கு லீவு என்ற பெயரில் எதுவும் மிச்சமில்லை. கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். மனைவி ஒரு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தாள்.

"பிள்ளை பார்க்க ஆள் தேடுங்கோ," என்றாள். "நான் வேலையை விடப் போறதில்லை. வீட்டில இருந்தனெண்டால் பிறகு உங்களைத்தான் திருத்த வேண்டி வரும்."

அப்போது நாங்கள் திருகோணமலையில் இறங்குதுறைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஐந்து மாதம். என் பக்கத்து ஆட்களும் அவள் பக்கத்து ஆட்களும் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வரவேண்டிய தூரத்தில். வந்தாலும் ஒரு கிழமை இருந்து, நாங்கள் பிள்ளையைத் தூக்கும் விதம் பிழை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மூதூருக்குப் போவதென்றால் குடாவைக் குறுக்கே கடக்கிற லாஞ்சிதான். காலையில் அதில் ஏறினால், பள்ளிக்கூடம் விட்டு, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் மனைவி வந்து இறங்குவாள். அதுவரைக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தை அவ்வளவோடு விடுகிற ஆள் நான் இல்லை.

எனக்குப் பயம் வந்தால் விவரமாக வரும். மற்றத் தகப்பன்மாருக்குப் 'பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ' என்று மொத்தமாக வருவது எனக்குச் சில்லறையாக, இலக்கம் போட்டு வரும். கிணறு. மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்து வளவு ஆடு. தேங்காய் விழுதல். தொட்டிலுக்குள் பூரான். நான் வேலை செய்யும் துறைமுகக் கந்தோரில் இருந்து இதையெல்லாம் கேள்விகளாக்கித் தட்டச்சுச் செய்தேன். இருபத்து மூன்று கேள்விகள் வந்தன. கடல் பெருகி ஊருக்குள் வந்தால் என்ன செய்வீர் என்பது இருபத்து மூன்றாவது.

இந்தத் தாளோடுதான் முதலில் வந்த இரண்டு பேரையும் விசாரித்தேன். முதலாவதாக வந்த பெண், மகன் அழத் தொடங்கியதும் தானும் சேர்ந்து அழுதாள். இருவரையும் ஆற்றுவதற்கு மனைவிக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. இரண்டாவது ஆள் நல்ல ஆள். ஆனால் பதினோராவது கேள்வியில், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குசினிக்குள் போனவர், குசினிக் கதவால் வெளியே இறங்கி றோட்டுக்குப் போய்விட்டார். நான் பன்னிரண்டாவது கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் சனிக்கிழமை காலை வருவதாக இருந்தது. மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் மனைவியோடு படிப்பிக்கிற ஓர் ஆசிரியை தன் தெருவில் உள்ள ஒருவரைச் சொல்லி அனுப்பியிருந்தார். மூதூர்க்காரர், நாற்பத்தைந்து வயதுக்கு மேலே, சொந்தப் பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள், முன்னர் திருகோணமலை ரவுனில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தவர்.

"இவவும் போனா வேற ஆள் இல்லை," என்றாள் மனைவி. "நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது."

"ரெண்டு கேள்வி மட்டும்."

"எந்த ரெண்டு?"

நான் தாளைப் பார்த்தேன். எதையும் விட மனம் வரவில்லை.

சனிக்கிழமை வழக்கமாகச் சாரத்தோடு இருக்கும் நான் அன்றைக்குக் காற்சட்டை போட்டேன். முன்னறையில் மேசையை நடுவே இழுத்து, எனக்கு ஒரு கதிரையும் வருகிறவருக்கு எதிரே ஒரு கதிரையும் போட்டேன். மனைவி பார்த்துவிட்டு, "கப்பலுக்குக் கப்டனே எடுக்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் ஒன்பது மணிக்கு வந்தார். தலைக்கு முக்காடு, கையில் பன் புல்லில் இழைத்த ஒரு பை, நல்ல உயரம். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். அதையே நானும் சொன்னேன்.

"வாங்கோ ராத்தா. இருங்கோ."

அவர் நான் போட்ட கதிரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு சுவரோரம் கிடந்த பாயில் போய் இருந்தார். மேசைக்குப் பின்னால் நான் தனியே இருந்தேன். அவரைப் பார்ப்பதற்கு எட்டிக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. மகள் மேசைக்குக் கீழே ஒளிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவளுக்குத் தடிமன்.

"பிள்ளை விழுந்தால் முதலாவதாக என்ன செய்வீங்கள்?" என்று தொடங்கினேன்.

"தூக்குவன்."

இதற்குக் குறைந்தது நாலு வரி மறுமொழி வருமென்று இடம் விட்டிருந்தேன். 'தூக்குவார்' என்று எழுதினேன்.

"அடுப்பு பத்தினால்?"

"தண்ணி ஊத்துவன். மண்ணெண்ணெய் அடுப்பெண்டா மண்ணப் போடுவன்."

இது எனக்கே தெரியாது. எழுதிக்கொண்டேன்.

"ஆடு முட்ட வந்தால்?"

"எந்த ஆடு, தம்பி?"

"பக்கத்து வளவு ஆடு."

"வரக்குள்ள பாத்தன். அதுக்குக் கொம்பு இல்லயே."

மனைவி கதவு நிலையில் நின்று கூரையைப் பார்த்தாள். நான் சில கேள்விகளைத் தாண்டி நேரே கடைசிக்குப் போனேன். கடல் பெருகி ஊருக்குள் வந்தால் என்ன செய்வீர்கள்.

அவர் யோசித்தார். "ரெண்டு புள்ளயளயும் தூக்கிட்டு ஓடுவன். நீங்க அந்த நேரமும் கதிரயில இருந்து எழுதிட்டிருந்தா, ஒங்களயும் ஒருக்காக் கூப்புட்டுப் பாப்பன்."

மனைவி சிரித்துவிட்டாள். நான் தாளை மடித்தேன். எல்லாம் சரி, இனி நேரம் மட்டும்தான் பேசவேண்டும் என்றிருந்தபோது அவர் பையைச் சுவரோடு சாய்த்து வைத்தார்.

"ஒங்கட கேள்வி முடிஞ்சா, இனி நான் பாக்கணும். புள்ளயளட உடுப்பக் கழட்டுங்க."

"என்னத்துக்கு?" என்றேன்.

"பாக்காம நான் பொறுப்பெடுக்க மாட்டன், தம்பி. போன வீட்டுல புள்ளட கை வீங்கி இரிந்திச்சி. நான் வேலைக்குப் போன முதல் நாள். ஒடுக்கத்துல டொக்டர் பாத்தா எலும்புல வெடிப்பு. நான்தான் கீழ போட்டன் எண்டாங்க. நான் வர முந்தியே அந்தப் புள்ள கட்டில்ல இருந்து விழுந்தது அந்த வீட்டு வேலிக்கும் தெரியும். ஆனா நான் முதல்ல பாத்துச் சொல்லயில்லதானே. அப்ப அது எண்ட தலையில."

கொஞ்சம் பொறுத்து, "எண்ட வீட்டுக்காரருக்கும் இதான் நடந்த," என்றார். அவருடைய கணவர் முன்னர் துறைமுகத்தில் சாமான் ஏற்றிவரும் வத்தைப் படகில் வேலை செய்தவராம். ஏற்கெனவே நனைந்திருந்த மூட்டையைப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு கரைக்கு வர, இவர்தான் நனையவிட்டார் என்று கரையில் நின்ற கிளாக்கர் எழுதிவிட்டாராம். அன்றைக்கே வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கரையில் நின்று எழுதுகிற கிளாக்கர் வேலைதான் என் வேலை. கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும். சாமான் வத்தைகளில் ஏறிக் கரைக்கு வரும். நாங்கள் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கையெழுத்து வைப்போம். வைப்பதற்கு முதல் குறையைப் பார்த்து எழுதிவிட வேண்டும். இது நனைந்தது, இது மூலை உடைந்தது, இது தையல் விட்டது. எழுதாமல் ஏற்றவன் தலையில் அந்த ஈரமும் உடைவும் விழும். இது எனக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று மட்டும் தோன்றியிருக்கவில்லை.

அவருடைய கணவர் பேரில் எழுதிய அந்தக் கிளாக்கர் யாரென்று நான் கேட்கவில்லை. அப்போது துறைமுகத்தில் நாங்கள் ஆறு பேர்தான்.

"அவர் எழுதுவார்," என்றாள் மனைவி என்னைக் காட்டி. "அவருக்கு அதுதான் வேலை." என் கேள்வித் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

ராத்தா கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மகனை மடியில் போட்டார். இவ்வளவு நேரமும் புது ஆளைக் கண்டு சிணுங்கிக்கொண்டிருந்தவன், தன்னைச் சாமான் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்த அந்தக் கைகளுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான்.

"எழுதுங்க. புள்ள ஒரு பக்கமாவே படுக்குறான். தல பின்னுக்குத் தட்டையா இரிக்கி."

எழுதினேன்.

"இடப் பக்கத் தொடையில கீறல். ஆறி வருது. இது என்ன?"

மனைவி கிட்டே வந்து பார்த்தாள். "இது நுளம்பு கடிச்சு சொறிஞ்சதெண்டு இவர் சொன்னவர்."

"அஞ்சு மாசப் புள்ள எப்புடித் தொடையச் சொறியும், மகள்?" என்று ராத்தா மனைவியைக் கேட்டார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஊசி," என்றேன். "இடுப்புத் துணிக்கு ஊசி குத்தேக்க வழுக்கிப் போச்சு."

"எழுதுங்க," என்றார் ராத்தா.

துறைமுகத்தில் எத்தனையோ பேருடைய குறையை ஆயிரக்கணக்கில் எழுதிய கைதான். 'ஊசிக் கீறல், தகப்பனார்' என்று எழுதும்போது பேனை ஓடவில்லை.

பிறகு மகளை மேசைக்குக் கீழே இருந்து வெளியே எடுத்தார்கள். முழங்காலில் இரண்டு பழைய காயம். அது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது என்று ராத்தா தாமே தள்ளிவிட்டார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. அடுத்ததாக முழங்கையைத் திருப்பினார். தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்தது.

"வாசல்படியில தேய்ச்சவள்," என்றாள் மனைவி. "இவர்தான் சொன்னவர்."

"படியில விழயில்லை," என்றாள் மகள் மூக்கை உறிஞ்சியபடி. "அப்பா சைக்கிளால விழுத்தினவர். அம்மாக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லி இனிப்பு ரொபி வாங்கித் தந்தவர்."

"எத்தினை ரொபி?" என்று மனைவி கேட்டாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"நாலு."

"சைக்கிளெண்டு எழுதுங்க, தம்பி," என்றார் ராத்தா. "ரொபி எழுதத் தேவல்ல."

வந்தவரை நான் விசாரிப்பதாகத் தொடங்கிய காலையில் இப்போது குற்றவாளிக் கூட்டில் நின்றது நான். வாக்குமூலத்தையும் நானே எழுதிக்கொண்டிருந்தேன். இத்தோடு முடியும் என்று நினைத்தேன். ராத்தா மகளின் முகத்தைக் கிட்டே இழுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு விரலால் மூக்கை ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது எத்தின நாளா?"

"புதன்கிழமை தொடக்கம் தடிமன்," என்றேன். இதில் என் பேரில் குற்றம் இல்லை என்ற தைரியத்தில் குரல் பலமாகவே வந்தது. "கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறம்."

"ஒரு பக்க மூக்கால மட்டும் ஊத்தினா அது தடிமன் இல்ல, தம்பி. உள்ள என்னமோ இரிக்கி."

என் தலைக்குள் இருபத்து மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றன. மூக்குக்குள் ஏதும் போனால் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லவே இல்லை. டொக்டரிடம் போக வேண்டும், கார் பிடிக்க வேண்டும், இல்லை, கார் வர நேரமாகும், சைக்கிளில் ஏற்றுவோம் என்று ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினேன். சைக்கிள் என்ற சொல்லுக்கு மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு செருப்போடு நின்றேன்.

ராத்தா தலையணையில் தையல் விட்ட இடத்தால் கொஞ்சம் பஞ்சை இழுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"கிளி, இஞ்ச பாருங்க. இத வாயால ஊத யாருக்கும் ஏலும். மூக்கால ஊதிப் பறக்க உடுவீங்களா?"

மகள் யோசித்தாள்.

"ஒங்கட வாப்பாக்கு ஏலாது. பாத்தா தெரியுது."

அது போதுமாக இருந்தது. ராத்தா அவளுடைய நல்ல பக்க மூக்கை விரலால் பொத்தி, "வாய மூடிட்டு. இப்ப," என்றார். மகள் மூக்கைச் சீறினாள். பஞ்சு பறக்கவில்லை. அதன் மேல் என்னவோ ஒன்று வந்து விழுந்தது. மகள், தான் தோற்றுவிட்டதாக நினைத்து இன்னொரு தரம் ஊதுகிறேன் என்றாள்.

ராத்தா அதை என் தாளில் ஓர் ஓரமாக வைத்தார். பச்சைப்பயறு. ஊறி வீங்கி, அரை அங்குலத்துக்கு வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

மனைவி மகளைப் பார்த்தாள். "எப்பயடி மூக்குக்குள்ள வைச்சனி?"

"நீங்கள் கந்தோருக்குப் போன அண்டைக்கு. அப்பா பயறு போட்டு வைக்கிற ரின்னைத் தந்து விளையாடச் சொன்னவர்."

"அப்பா எங்கை இருந்தவர்?"

"பேப்பர் பார்த்தவர்."

புதன்கிழமை மனைவி கல்விக் கந்தோருக்குப் போய்வந்த ஒன்றரை மணித்தியாலம் நான்தான் பொறுப்பு. அரை நாள் லீவு போட்டு, எவ்வளவு திறமாகப் பார்த்தேன் என்று அன்றைக்கு அவளிடம் பெருமையும் அடித்தவன். தாளை எடுத்து அதையும் எழுதினேன். அதற்கு ஒருவரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

கீறல், சைக்கிள், பயறு, மூன்றுக்கும் நேரே ஒரே ஆள். மனைவி கோபப்பட நேரமில்லாதவளாக இருந்தாள். பாயில் ராத்தாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"ராத்தா, திங்கக்கிழமை வருவீங்கள்தானே?"

அவர் மகனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினார்.

"புள்ளயள் நல்ல புள்ளயள்," என்றார். "தம்பிய நெனச்சாத்தான் பயமா இரிக்கி."

"அவர் எட்டு மணிக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவார்."

"காலத்தால நீங்க லாஞ்சியில போவீங்க. நான் வந்து சேரும் மட்டும் புள்ளயள் யாரோட?"

எனக்கும் மனைவிக்கும் அப்போதுதான் விளங்கியது. இரண்டு கிழமையாக எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. மூதூரில் இருந்து ராத்தாவைக் கொண்டுவருகிற முதல் லாஞ்சிதான், திரும்பி மனைவியை ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போவது. அவர் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கடலில் இருப்பாள். இடையில் பிள்ளைகளோடு நிற்பது நான். பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தவர்கள் பத்து நிமிஷத்தைச் சும்மா விடமாட்டார்கள்.

"அப்ப இறங்குதுறைக்கே கொண்டு வாங்க, மகள்," என்றார் ராத்தா. "ஒங்கட கையால எண்ட கைக்குத் தாங்க. பின்னேரம் நான் அங்கயே கொண்டுவந்து ஒங்கட கையில தந்துட்டு அதே லாஞ்சியில ஏறுறன்."

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்க வேலைக்குப் போங்க, தம்பி."

எழும்பும்போது ஒன்று சொன்னார். திங்கட்கிழமை ஒரு நாள் வருவதாகவும், மறுநாள் வருவதைப் பற்றி அன்றைக்குப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும். மனைவிக்கு ஒரு நாள் கிடைத்தது. ஒரு நாள் போய்விட்டு நின்றால் கடிதம் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் என்னைப் பிள்ளைகளுக்குக் கிட்டே விடவில்லை. புதுக் கீறல் ஒன்று வந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம். நான் முற்றத்தில் இருந்து பேப்பர் வாசித்தேன். அதற்கும் ஏச்சு விழுந்தது.

திங்கட்கிழமை விடிய நான் வீட்டைப் பூட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நால்வரும் இறங்குதுறைக்குப் போனோம். லாஞ்சி வந்து கட்டியது. மீன் கூடைகள் இறங்கின, கோழிகள் இறங்கின, நெல்லு மூட்டை இரண்டு இறங்கியது, வெற்றிலைக்காரர் இறங்கினார். ராத்தாவைக் காணவில்லை. மனைவியோடு போகிற ஆசிரியைமார் ஏறத் தொடங்கினார்கள். லாஞ்சிக்காரர், "டீச்சர், ஏறுங்க, இழுக்கப் போறம்," என்றார். மனைவி மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானே மூதூருக்குப் போய்ப் படிப்பித்திருப்பேன்.

கடைசியாகத்தான் ராத்தா வந்தார். எல்லாரும் இறங்கட்டும் என்று உள்ளே இருந்திருக்கிறார். கரையில் கால் வைத்ததும் கையை நீட்டினார். மனைவி மகனைக் கொடுத்தாள். ராத்தா அந்த இடத்திலேயே அவனைத் திருப்பி, தொடையையும் முதுகையும் பார்த்து, மகளின் மூக்கை முகர்ந்து, "சரி, மகள், போய்ட்டு வாங்க," என்றார். மனைவி பாய்ந்து ஏறினாள். லாஞ்சி விலகிய பிறகு அவள் கையை ஆட்டி என்னவோ சத்தமாகச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பிரிவில் நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறாள் என்று எண்ணி நானும் கையை ஆட்டினேன். ராத்தா பிள்ளைகளோடு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் ஒருவருக்கும் பாரமில்லாதவனாகத் துறைமுகத்துக்குச் சைக்கிள் மிதித்தேன்.

ஒன்பதரை மணிக்கு, பேனையை எடுக்கக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். காலையில் வீட்டைப் பூட்டிய திறப்பு கையில் வந்தது.

அன்றைக்கு நான் சைக்கிள் ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் துறைமுகத்தில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வழியெல்லாம் வெயிலையும் பசியையும் குழந்தையின் பால் போத்தலையும் நினைத்தேன். அதைவிட, பூட்டிய வீட்டைக் கண்டு அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பின்னேர லாஞ்சி மட்டும் இறங்குதுறையில் போய் இருந்துவிட்டு, இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

வாசல் கதவு பூட்டியபடி இருந்தது. பின்னால் ஓடினேன். குசினி யன்னல் திறந்து கிடந்தது. அதற்கு நாலு நாளாகக் கொளுக்கி இல்லை. மகள் அதால் உள்ளே இறங்கிக் குசினிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். உள்ளே மகன் மற்றப் பக்கமாகத் திரும்பி நித்திரையாக இருந்தான். மகள் அரிசிமாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ராத்தா அடுப்படியில் இருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். வியர்வையில் என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"டீச்சர் லாஞ்சியில நிண்டு திறப்பு, திறப்பெண்டு எவ்வளவு கத்தினா," என்றார். "நீங்க கைய ஆட்டிட்டுப் போறீங்க. பூட்டக் கண்ட பொறகுதான் எனக்கும் வெளங்கின."

நான் திறப்பை நீட்டிக்கொண்டு நின்றேன். நாளைக்கு வருவீர்களா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

ராத்தா திறப்பை வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார்.

"இது இனி எண்ட கையில இரிக்கட்டும். நாளைக்கு யன்னலால ஏற எனக்கு ஏலாது."

எட்டு வருஷம் அது அவரிடம் இருந்தது. அந்த எட்டு வருஷமும் வேலை நேரத்தில் எப்போதாவது வீட்டுக்கு வர நேர்ந்தால், நான் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, யார் என்று உள்ளே இருந்து கேட்கும் வரைக்கும் வெளியே நிற்பேன்.